ஓய்வெடுக்கிறது

சியத்தூரா சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
நாற்பத்தோரு வருடம் கழித்து
மறுபடி திரையேறுகிறது எங்கள் படம்.

எங்கள் படம் என்றா சொன்னேன்?
எனக்கு அதில் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு நோட்டு.
மணமகளின் கையுறை எந்தக் கையில் இருந்தது,
விருந்துத் தலைவர் எத்தனை மிடறு குடித்திருந்தார்,
ஷாட் எத்தனை வினாடி.
பெயர்ப்பட்டியலில் கடைசிக்கு முந்தியவள்,
அதுவும் எழுத்துப்பிழையோடு.

கதை இவ்வளவுதான்.
கல்யாணக் கூட்டமொன்று ரோப் காரில் ஏறுகிறது.
பள்ளத்தாக்கின் நட்டநடுவில் அது நின்றுவிடுகிறது.
மூன்று நாள்.
அக்கரையில் மணமகன், கையில் பூங்கொத்து,
அது வாடுவதைப் பார்த்துக்கொண்டு.
உள்ளே ஒரு கணக்கர், மாமியார், ட்ரம்பெட்காரன்,
சீர்வரிசையாய் வந்த ஆடு.

வெளியான புதிதில் ஒன்பது நாள் ஓடியது.
பிறகுதான் யார் வழியாகவோ
வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது.

இன்று பையன்கள் பனியனில் வசனத்தை அச்சடித்திருக்கிறார்கள்.
நடிகர் வாயைத் திறக்குமுன்
அரங்கு சொல்லி முடித்துவிடுகிறது.
வஜா ஜபுவா முதல் வரிசையில்
சூரியகாந்தி விதை கொறிக்கிறார்.
தொண்டைப் பகுதியில் சட்டை பெரிதாகிவிட்டது அவருக்கு.

அந்த இடம் வருகிறது.
கீழே நிலையத்திலிருந்து ஒலிபெருக்கி:
'தோழர்களே, ரோப் கார் பழுதாகவில்லை.
ஓய்வெடுக்கிறது.'

கூரை அதிர்கிறது.
எங்கள் ஊரில் அது வசனமா என்ன?
தொண்ணூறுகளில் மின்சாரம் போய்
மண்ணெண்ணெய் அடுப்பில் ரொட்டி வாட்டிய குளிர்காலங்களில்
இருட்டுக்குள் யாராவது அதைச் சொல்வார்கள்.
சம்பளம் வராத சுரங்கத்தில், பிரிந்துபோன தம்பதிகள் வீட்டில்,
சொல்வார்கள்.
என் அன்சோரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது
அவன் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான்.
கறுப்பு முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்,
நானும் மாமியாரும்,
அழுகிறோம் என்று தலையைத் தடவினார்கள்.

படம் முடிந்தது. கேள்வி நேரம்.
ஆடு என்ன ஆயிற்று என்றாள் ஒரு சிறுமி.
'மக்கள் கலைஞர் பட்டம் பெற்றது' என்றார் வஜா.
கடைசி நாள் விருந்தில் அதை வறுத்தவள் நான்.
வாய் திறக்கவில்லை.

பிறகு கண்ணாடி போட்ட ஒரு இளைஞன்:
'அந்த வரியைத் தணிக்கையின் கண்ணில் மண்ணைத் தூவி
எப்படி உள்ளே கொண்டுவந்தீர்கள்?'

வஜா என்னைத் தேடினார், ஆறாவது வரிசையில்.
என் பழைய பழக்கம், எண்ணினேன்.
பதினொரு வினாடி.

அந்தக் கடிதத்துக்கு நகலெடுத்தவள் நானல்லவா.
மூன்றாம் பத்தி:
'பழுது' என்ற சொல் நம் பொறியியலுக்கு இழுக்கு.
'ஓய்வெடுக்கிறது' என மாற்றுக.
தேநீர்க் குவளையைச் சுவரில் எறிந்தார் அன்று வஜா.
மறுநாள், சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல்
வன்மத்தோடு எடுத்தார். ஒரே டேக்.

'நான் எழுதவில்லை' என்றார் மைக்கில்.
'தணிக்கை அதிகாரி எழுதியது.'

அரங்கு வெடித்தது.
அவர் கையை ஆட்டினார், இல்லை, நிஜமாகவே.
இன்னும் சிரித்தார்கள்.
ஒருவன் நாற்காலியிலிருந்து வழுக்கியே விழுந்துவிட்டான்.

வெளியே புது ரோப் கார்கள்,
கண்ணாடிச் சுவரும் விளக்குமாக,
சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.
வஜா ஏறவில்லை. பாலத்து வழியே நடந்தோம்.
பாதிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினார்.
நான் அந்த வரியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.
சொல்லவில்லை.

'சியாலா, அந்த ஆளின் பெயர் என்ன?'

கடிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.
முத்திரை தெளிவு. தேதி தெளிவு.
கையெழுத்து மட்டும் ஒரு கிறுக்கல்,
பேனா மை வருகிறதா என்று
யாரோ கீறிப் பார்த்ததுபோல.

'வாசிக்க முடியவில்லை' என்றேன்.

சட்டைப் பையைத் துழாவி
மிச்சமிருந்த விதைகளில் பாதியை
என் உள்ளங்கையில் கொட்டினார்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.