சரியக்கூடும்

"ஏழு வருசத்துக்கு என்னதான் கெடைச்சது?"
ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் யோகச்சந்திரன்.
முதல் பட்டத்தோடு வங்கிக்குப் போனவன்.
விரலில் கார்ச்சாவி சுழல்கிறது.

சம்பளத்தில் கொஞ்சம் கூடியது என்கிறேன்.
கதவில் டொக்டர் என்று ஒரு பலகை.
அதைப் பார்த்துக் காய்ச்சல்காரப் பிள்ளையைத்
தூக்கி வந்தவளுக்கு
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்தது.
சிரிக்கிறோம்.
ஜெயகௌரியின் ஆய்வேடு கனடாவில்
கணினித் திரையை உயர்த்திப் பிடிக்கிறதாம்.
அளவான தடிப்பு என்று எழுதியிருந்தாள்.

அவனிடம் சொல்லாத பக்கம் நூற்று முப்பத்தொன்று:
நாலாம் நம்பர் மலை,
லயத்துக்கு மேலே முப்பத்தெட்டுப் பாகைச் சாய்வு,
ஒரே நாளில் நூற்றைம்பது மில்லிமீற்றர் பெய்தால்
சரியும்.
ஓரத்தில் பரீட்சகரின் சிவப்பு மை:
மென்மையாக்கவும்.
சரியக்கூடும் என்று மாற்றினேன்.
பட்டம் தந்தார்கள்.

போன ஐப்பசியில், இரவு பத்தரைக்கு,
கடைசிக் காம்பராவிலிருந்து மாரியாயி போன் எடுத்தாள்.
"சரியுமா, சரியாதா, ஒண்ணு சொல்லுங்க."
கூடும் என்ற சொல்லை நம்பி
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
யாரும் மழையில் இறங்க மாட்டார்கள்.
சரியும் என்றேன்.

இருபத்திரண்டு குடும்பத்துக்குப்
பள்ளிக்கூடத்தில் விடிந்தது.
மலை அப்படியே நின்றது.
பிரட்டுக்குப் பிந்தியதால் எல்லாருக்கும் அரைப்பேர்.
இப்போது என்னைக் கண்டால்
கொழுந்தையே பார்க்கிறார்கள்.

தகரத்தில் மறுபடி மழை பிடிக்கிறது.
காலையிலிருந்து நூற்றுப் பதினேழு.

"யோகா, உன் காரில்
ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம்?"