புகைச் சோதனை

நாளை காலை ஒன்பது மணிக்கு
சாக்கடைக் குழாயில் புகை விடுவோம்.
வெள்ளையாக வரும். தீயில்லை, நஞ்சில்லை.
புழங்காத வடிகால்களில்
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

இருநூற்றுப் பதினோரு கதவுகளில்
இந்தச் சீட்டை மாட்டினேன்.
மெய்னில் ஏப்ரல் என்றால் முழங்கால் சேறு.

"வரியைக் கூட்டத்தானே?"
கதவை முழுக்கத் திறக்காமலே ஓனெசிம்.
குழாய்க்கு வயது நூற்றிரண்டு என்றேன்.
"எனக்கு எண்பத்தாறு.
என்னை யாரும் தோண்டவில்லையே."

காது கேளாத மார்செலின்
சீட்டை வாங்கித்
தன் நாய்க்கு உரக்கப் படித்தாள்.

மேன்ஹோல் மேல் விசிறி உறுமியது.
சொன்னபடியே கூரைக் குழாய்களில் புகை.
ஒருவரும் தீயணைப்பை அழைக்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு, மில் தெரு, பதினேழாம் எண்:
கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாயின் வாயில்
வெள்ளையாய், சாவகாசமாய்.
மழையைத் திருட்டுத்தனமாகச் சாக்கடைக்குள் விடும் வீடு.
பெருமழைதோறும் ஆற்றில் மலம் மிதப்பது
இப்படிப்பட்ட வீடுகளால்.

பொறியாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்டார்:
"யார் வீடு, ஒடெட்?"

என் கோட்டுப் பையில்
ஒரு சீட்டு மிச்சமிருந்தது.