பாக்கிக்கு வந்த பாட்டில்

பதினோரு நாள் சாப்பிட்டுவிட்டு
பணத்துக்குப் பதிலாக
ஒரு பாட்டிலை மேசையில் வைத்துப் போனார்
பேரிஜம் ஏரியைப் படமெடுக்க வந்தவர்.
"பிரான்சின் தெற்கு. உங்கள் பில்லைவிட விலை அதிகம்."
கணக்கு நோட்டில் ஜெசிந்தா எழுதினாள்:
வரவு, திராட்சை.

செவ்வாய்க்கிழமை. கடைக்கு விடுமுறை.
ஏழு ரோட்டில் ஜூன் மழை
ஒரு பக்கமாகச் சாய்ந்து பெய்தது.
கார்க் திருகி எங்களிடம் ஏது?
கதவுக்கு வாங்கிய திருகாணி, ஒரு குறடு.
பாதி கார்க் வெளியே, பாதி உள்ளே.
டீ வடிகட்டியில் வடித்தோம்
எவர்சில்வர் டம்ளருக்கு.

முதல் வாய்:
கொட்டைப்பாக்கை மென்று
துப்ப மறந்தது போல.
இரண்டு கன்னமும் உள்ளே போயின.
துவர்ப்பு.
நமக்கு இதற்குச் சொல் இருக்கிறது.
ஆறு சுவையில்
யாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்காதது.

"குளிருக்கு வாயை மூடிக்கிச்சு போல" என்று
டம்ளரை அடுப்போரம் நகர்த்தினாள் ஜெசிந்தா.
கால் மணி நேரம்.
பிறகு பேசத் தொடங்கியது.

லேபிளின் பின்னால் மூன்று பெயர்கள்.
கிரனாஷ் முதலில் வருகிறது,
கல்யாண வாசலில் நிற்கும் தாய்மாமன் மாதிரி
கை நிறையப் பழம், கொஞ்சம் கூடுதல் சூடு.
சிராவை உடனே கண்டுபிடித்தேன்:
மிளகு!
தாண்டிக்குடியில் பச்சையாய்க் கிள்ளி
நகத்தால் நசுக்கி முகர்ந்த அதே மிளகு.
"யார் போட்டது?"
"யாரும் போடலை. தோல்லயே இருக்காம்"
போனில் பார்த்துச் சொன்னாள்.
மூர்வேத்ர் கடைசியில்.
மழையில் ஊறிய தோல் செருப்பு,
கசாப்புக் கடையின் வெட்டுக்கட்டை.
தனியாகக் கொடுத்தால் தொட மாட்டேன்.
ஆனால் அது இல்லாவிட்டால்
மற்ற இரண்டும் விழுங்கிய கையோடு
மறந்துபோகும் என்று தோன்றியது.

"நாமும் மூணு பேராத்தான் ஆரம்பிச்சோம்" என்றேன்.
முபீன் ஷார்ஜா போய் ஒன்பது மாதம்.
"திராட்சையோட மனுஷனை ஒப்பிடாதே.
அது பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்காது."

பிறகு தட்டுகள்.
நெத்திலிக் குழம்பு: வாய்க்குள் துருப்பிடித்த ஆணி.
பச்சைமிளகாய்ச் சட்னி: நெருப்பில் மண்ணெண்ணெய்.
ரசம் புளிக்க, இதுவும் புளிக்க,
இரண்டும் தோற்றன.
நெய்யில் வதங்கிய பூம்பாறைப் பூண்டு, பரவாயில்லை.
கொடைக்கானல் சீஸ் ஒரு துண்டு வைத்தோம்:
துவர்ப்பு முதல் தடவையாக
நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு ஆட்டின் நெஞ்செலும்பு ஞாபகம் வந்தது.
கொழுப்போடு.
மிளகாய் வேண்டாம், தக்காளி வேண்டாம்.
இடித்த மிளகு, முழுப் பூண்டு,
சந்தையில் அடிபட்டு மிஞ்சிய பிளம்ஸ்,
சின்னத் தீயில் நாலு மணி நேரம்.
ஒரு கவளம். ஒரு மிடறு.
கொழுப்பைத் துவர்ப்பு கழுவ
துவர்ப்பைக் கொழுப்பு கழுவ
வாய் காலியாகி மறுபடி கேட்டது.
மிளகு மிளகைப் பார்த்தது,
வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில்
ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி.
ஜெசிந்தா எதுவும் சொல்லவில்லை,
எலும்பை மட்டும் என் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

விற்க வழியில்லை.
நாலு மேசைக் கடைக்கு லைசென்ஸ் கேட்டால் சிரிப்பார்கள்.
பாட்டிலைக் கழுவி நல்லெண்ணெய் ஊற்றியாயிற்று.
கறி மட்டும் பலகையில் ஏறியது:
மிளகு பிளம்ஸ் கறி, 340.

நன்றாகப் போகிறது.
போன ஞாயிறு மதுரைக்காரர் ஒருவர்
கை கழுவியபடி சொன்னார்:
"எல்லாம் சரிதான்மா.
ஆனா பக்கத்துல ஏதோ ஒண்ணு வரணுமே."
ஜெசிந்தா மோர் கொடுத்தாள்.
முழுக்கக் குடித்தார்.
"இது இல்லை" என்றார்.