மறதிக் காரணி

எர்ஸ்ட்ஃபெல்டில் ஏறினோம், இரவு ஒன்று நாற்பது.
பின்னால் எழுநூற்று எண்பது டன் ஜல்லி.
மேலே, பனியாவதா மழையாவதா என்று
இன்னும் முடிவெடுக்காத நவம்பர்.
காத்ரீன் கிஸ்லர் இருக்கையை முன்னே இழுத்தபடி கேட்டாள்:
"இன்று ஓட்டுவது நானா, உன் சூத்திரமா?"
இருவரும், என்றேன்.
"அப்படியென்றால் யாருமில்லை."

மடிக்கணினியில் ஒரு பச்சைக் கோடு.
தண்டவாளம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று
நொடிக்கு ஐம்பது முறை ஊகிக்கிறது.
அளந்து அல்ல.
சக்கரத்தைத் துளி வழுக்கவிட்டு,
விசையைத் தளர்த்தி, திரும்பக் கொடுத்து,
மின்சாரம் போன வீட்டில்
கடைசிப் படியைத் தேடும் கால்விரல்போல.
விளிம்பைத் தொடாமல் விளிம்பு தெரியாது.
இதை எழுதிய ஒன்பது மாதமும்
பெர்னில் என் நாற்காலி காய்ந்தே இருந்தது.

ஆம்ஸ்டேக். குர்ட்னெல்லன்.
ஆயிரத்துக்கு இருபத்தாறு ஏற்றம்.
முதல் சுருள் சுரங்கம் எங்களை வெளியே விட்டதும்
வாஸன் தேவாலயம் தலைக்கு மேலே,
விளக்குப் போட்ட வெள்ளைக் கோபுரம்.
கோடு ஆடவில்லை.
நான் கொஞ்சம் கர்வப்பட்டேன்.

இரண்டாம் சுரங்கம். உள்ளே காய்ந்த தண்டவாளம்.
சூத்திரம் அதை நம்பியது,
நானும்.
வாயை விட்டு வந்த கணம்
ஆறு அச்சும் அலறின.
கண்மட்டத்தில் தேவாலயம், அசையாமல்
எங்களையே பார்த்துக்கொண்டு.
வேகமானியில் எழுபது, ஜன்னலில் ஐம்பது.
நான் விசைப்பலகையைத் தேடுமுன்
மணல் பொத்தான் அவள் கட்டைவிரலுக்கடியில் இருந்தது.

"உன் ஆளுக்கு என்ன ஆயிற்று?"

நினைவு அதிகம், என்றேன்.
பழைய நொடிக்கு எவ்வளவு மதிப்பு என்று
ஒரு எண் சொல்கிறது. நான் வைத்தது 0.995.
நான்கு நொடி நினைவு.
நான்கு நொடியில் நாம் அறுபது மீட்டர் தாண்டிவிட்டோம்;
அது இன்னும் சுரங்கத்துக்குள் இருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை.
"என் முன்னாள் கணவனுக்கு இருபது வருடம்."

மூன்றாம் சுரங்கத்துக்குள் 0.98 என்று திருத்தினேன்.
வெளியே பனி, இப்போது பனியேதான்.
ஒரு சிறு உதறல், பிடித்துக்கொண்டது.
தேவாலயம் காலுக்குக் கீழே,
நான்தான் அதைத் தாண்டியதுபோல.
ஆனால் அதன்பின் கோடு நிம்மதியாக இல்லை.
ஒவ்வொரு பாலத்துக்கும், ஒவ்வொரு சந்திக்கும் திடுக்கிட்டது.
ஒரு நொடிக்கு முன்னால் நடந்த எதுவும்
அதற்கு நடக்கவே இல்லை.
இரண்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்க வேண்டும்.
இந்த மலைக்கு ஒன்று, இந்த இரவுக்கு ஒன்று.
குறிப்பேட்டில் எழுதினேன்: தெரியவில்லை.

கோஷெனென் சிக்னல் மஞ்சள்.
"பிரேக் என்னுடையது," என்றாள்.
நிறுத்துமிடத்துக்கு வெகு முன்பே
கைப்பிடியை ஒரு விரல் அகலம் இழுத்தாள்,
இடுப்பால் எதையோ கேட்டாள்,
விட்டாள்.
மறுபடி ஒரு விரல்.

எத்தனை நொடி நினைவு அது என்று
கேட்க வாயெடுத்தேன்.
ஜல்லி முழுவதும் மெல்ல முன்னே சாய்ந்து,
நின்றது.