பேர்

சிகெத் நகரத்துக்கு மேலே, எட்டாவது வளைவில்
மரம் ஏற்றி வந்த லாரி அதை அடித்துப் போட்டிருந்தது.
பின்னால் வந்த எங்கள் வேனும் நின்றது.
இறங்க வேண்டாம் என்றார் ஓட்டுநர்.
எல்லோரும் இறங்கினோம்.

விளக்கொளியில் முதலில் மயிர்.
அப்புறம் ஒரு பாதம்,
உள்ளங்கை மேலே பார்த்து
மிச்சச் சில்லறை கேட்பதுபோல.

லாரிக்காரர் டெட்லெஃப், பிரேமன் பக்கம்.
தடுப்புக் கம்பியில் உட்கார்ந்து
பேர், பேர் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.
முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்தினால்
ஜெர்மன் மொழியில் அது கரடி.
எனக்கு மட்டும்
பேர் கேட்கிறார் என்று பட்டது.
விபத்தில் செத்தவருக்கு
முதலில் கேட்பது அதுதானே.

ஆனால் அது பேர் இல்லை.
பழுப்பன், அவ்வளவுதான்.
இல்லை, வெறும் காட்டு மிருகம் என்று
வாதாடும் அறிஞர்களும் உண்டு.
எப்படியும் பேர் இல்லை.
வாய்விட்டுச் சொன்னால் வந்து நிற்கும் என்று
அசல் பேரை நாக்கின் அடியில் ஒளித்து,
ஒளித்த இடமும் மறந்துபோன ஜனங்கள்.

இதில் நமக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.
இருட்டினால் பாம்பு நமக்குப் பூச்சி.
உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால்
அம்மா வந்திருக்கிறாள்.

போலீஸ் வர ஒரு மணி நேரம் என்றார்கள்.
குளிருக்குப் பேசித்தான் ஆகவேண்டும்.
ஓரிசியா, திசா ஆற்றுக்கு அக்கரை,
ஆப்பிள் மூட்டையோடு சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள்.
வெத்மித் என்றாள். தேனை அறிந்தவன்.
கால்நடை மருத்துவர் சொங்கோருக்குப் பொறுக்கவில்லை.
அறிந்தவன் இல்லை அம்மா, தேன்தின்னி.
ஸ்லோவாக்கியரைப் பார், மெத்வெத்,
தேன் முன்னால், தின்பது பின்னால்.
நீங்கள்தான் சொல்லைக் குப்புறப் புரட்டிவிட்டீர்கள்.
உங்கள் மெத்வெ மட்டும் யார் வீட்டுச் சொத்தாம் என்றாள்.
ஸ்லாவியரிடம் வாங்கியது என்றார் ஹங்கேரியர்,
திருப்பிக் கொடுக்கும் உத்தேசமில்லை.
சிரித்தோம்.
பாதத்தின் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

முதுகுப்பையோடு நின்ற ஃபின்லாந்துப் பெண் தூலிக்கி
லாரியின் மரப்பட்டையில் உள்ளங்கையை வைத்து
மேலும் கீழும் தேய்த்துக் காட்டினாள்.
கர்ஹு. சொரசொரப்பு.

என் தொண்டையில் ஒரு கரடு ஏறி நின்றது.
கரடு, கரடி.
உறவா, ஜாடை மட்டுமா,
சத்தியம் செய்ய என்னிடம் ஏடு இல்லை.
சொல்லவில்லை.
ஆதாரமில்லாமல் அளப்பதற்கு எங்கள் ஊரில்
கரடி விடுவது என்று பேர்.

சார்ஜென்ட் கோஜா வந்தார்.
தாளில், இனம் என்ற கட்டத்தில்
உர்ஸ் என்று எழுதினார்,
நிறுத்தாமல், அக்கம்பக்கம் பார்க்காமல்.
அவர் மொழியில் மூன்றே எழுத்து.
ரோமாபுரி வழியாக வந்தது.
கிரேக்கரின் ஆர்க்தோஸுக்குப் பங்காளி;
அந்த ஆர்க்தோஸ் வானத்தில் ஏறி
வடக்கு முழுவதற்கும் தன் பேரைக் கொடுத்துவிட்டது.
டெட்லெஃபின் முன்னோர் ஒளித்தது
இந்தப் பால்பாயிண்ட் முனையில் இருந்தது,
தேய்ந்து, முகம் மாறி,
ஆனாலும் அதுதான்.

உர்ஸ் என்று சொல்லிப் பார்த்தார் டெட்லெஃப்.
கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தரம்.
இனி எப்படிக் கூப்பிட்டாலும் வராது.

ஆறேழு பேர் சேர்ந்து தார்ப்பாயில் புரட்டினோம்.
ஆளுக்கொரு மொழியில் ஒன்று இரண்டு மூன்று எண்ணி
நாலாவது தடவைதான் ஒன்றாகத் தூக்கினோம்.
பாதம் வெளியே தொங்கியது.
ஓரிசியா கையுறையைக் கழற்றிவிட்டு
அதை உள்ளே எடுத்து வைத்தாள்.

கோஜா கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார்.
உரிமையாளர் பேர்.
பேனாவை உதறினார், எழுதவில்லை.
முனையில் ஊதி, உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி,
ஒரு கோடு போட்டார்.