ஒரே ஒரு குமிழ்

துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் இரவுக் கப்பல்.
ஏழாம் தளத்தில் நடனக்கூடம்.
வெய்க்கோவின் அக்கார்டியன் மூச்சை விரித்தால்
சாய்மியின் கிதார் இருக்குமிடம் தெரியாது.
பதினோரு வருடமாக.

இந்த வாரம் அவள் காலடியில்
தீப்பெட்டிக்கு அண்ணன்போல் ஒரு வெள்ளைப் பெடல்.
ஒரு குமிழ், ஒரு விசை.
"இனிப்பும் சேர்க்காது, கரகரப்பும் சேர்க்காது.
இருப்பதைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.
நீ எதையும் தொட்டுவிடாதே"
என்றாள், என் மிக்சர் மேசைமேல் கையூன்றி.

மூன்றாவது டாங்கோ.
அவள் முறை வந்தது.
மிதித்தாள்.

பெடல் சொன்னபடிதான் நடந்துகொண்டது.
கமறியது ஆம்ப்பின் தொண்டை,
பழைய வால்வுகள்,
திடீரென்று பேசச் சொன்னால் யாருக்கும் கமறத்தானே செய்யும்.

பிறகு கேட்டது:
ஏறும் வரியில் ஒரு சுரம்
மயிரிழை கீழே.
இன்று பிசகியதல்ல,
எப்போதும் அங்கேதான் நின்றிருக்கிறது.
ஃபேடர்வரை போன என் விரல் திரும்பிவிட்டது.

லாரி ஓட்டுநர் ஒருவர் துணையின் காலை மிதித்து
மன்னிப்புக் கேட்க மறந்தார்.
பாதி விரித்த அக்கார்டியனோடு
வெய்க்கோ திரும்பினான்:
"அது நீயா?"

பாட்டு முடிந்தும்
அவள் அந்த விசையை அணைக்கவில்லை.