செய்யாதவைக்கு ஒரு தாள்

கல்லடி மண்டபத்தில் கதிரைகள்
பரீட்சைக்குப் போல வரிசையாய்க் கிடந்தன.
நானே இழுத்து வட்டமாக்கினேன்.
மின்விசிறி மூன்று, அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும்.
யன்னலுக்கு அங்கால வாவி
எட்டரைக்கே தகரம் மாதிரிக் கண்ணைக் கூசியது.

பால் சங்கத்தில் எட்டுப் பேர்.
எட்டுப் பேரும் நேரத்துக்கு வந்தார்கள்,
கல்யாண வீட்டுச் சட்டையோடு.
அதைக் கண்டுதான் எனக்குப் பயம் பிடித்தது:
இஸ்திரி போட்ட சட்டைக்குள் இருந்துகொண்டு
யார் உள்ளதைச் சொல்லப்போகிறார்?

"ஐந்து வருடத்தில் எங்கே நிற்போம்?" என்றேன்.
மஞ்சள் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.
வளர்ச்சி. தரம். வளர்ச்சி. ஒற்றுமை. வளர்ச்சி.
கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு
எழுதிக் கொடுத்துப் பழகிய கைகள்.
காற்றுக்கு ஒரு வளர்ச்சி கழன்று
ஹிதாயத்துல்லாவின் தண்ணீர்க் கோப்பைக்குள் விழ,
அவர் அதை இரண்டு விரலால் எடுத்து
மேசை விளிம்பில் காயப்போட்டார்.

இரண்டு கிழமை இருந்து எழுதிய நிகழ்ச்சிநிரலை
மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.
"நாளைக்கு எதை நிறுத்தினால்
உங்களுக்கு மூச்சு வரும்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அந்த மௌனத்தை நிரப்பாமல் இருக்க
நான் பட்ட பாடு!
பாலத்தில் போன லொறிகளை எண்ணினேன்.
ஏழாவது லொறிக்கு வில்வரெத்தினம் தொண்டையைச் செருமினார்.
சாரதிமார் என்னத்துக்கு என்று
தலைவர் வெட்டச் சொன்ன பெயர்.

"கேட்டதால சொல்றன் மிஸ்.
தயிர்ச்சட்டி ஏத்துற நாளில பால் கானுக்கு இடமில்ல.
ரெண்டு ஓட்டம் ஓட வேணும்.
அம்பிளாந்துறையில பாதைக்குக் காத்து நிண்டா
பதினொண்டாகும், மறுகா பால் திரிஞ்சிரும்.
திரிஞ்ச பாலைத் திருப்பிக் குடுக்கிறதும் நான்தான்,
ஏச்சு வாங்குறதும் நான்தான்."

கேசவர்த்தினி பரிசோதனைக் கொப்பியை விரித்தாள்.
"பங்குனியில பதினேழு கான் கொட்டினம்."
எனக்கு வந்த அறிக்கையில் அப்படி ஒரு நிரலே இல்லை.
"தயிரில லாபம் இரிக்கி," என்றார் ஹிதாயத்துல்லா,
"கொட்டின பால அதில கழிக்கல்ல.
கழிக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கல்ல."

தயிர் என்னுடைய யோசனை.
சட்டி மூடிக்கு எந்த நீலம் என்று
ஒரு ஞாயிறு முழுக்க இருந்து தெரிந்தவள் நான்.
'ஆனால்' தொண்டை வரைக்கும் வந்தது.
அதை விழுங்கிப்போட்டு எழும்பினேன்.
"அரை மணித்தியாலம் நான் வெளியே.
நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க."

வாவிக் கரையில் நின்று
வராத தொலைபேசி அழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே முதலில் ஒரு சிரிப்பு,
பிறகு சண்டை.
சங்கத்துக்கு வந்த ஆறு வருடத்தில்
இவர்கள் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை.
என்னையறியாமல் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

திரும்பிப் போனபோது
சுவரில் மஞ்சள் துண்டு ஒன்றும் இல்லை.
வெள்ளைத் தாள் ஒன்று, தலைப்பு மட்டும்: செய்யாதவை.
"நீங்களே எழுதுங்க மிஸ், உங்கட எழுத்து வடிவு."
மாக்கர் என்னிடம் நீண்டது.

தயிர், என்று எழுதினேன்.
ஆவணி முதலாம் திகதியோடு.
புள்ளி வைக்கிற இடத்தில் மாக்கர் காய்ந்துபோக
யாரோ சிவப்பைத் தந்தார்கள்.

பின்னேரம் வேகமாய்ப் போனது.
அம்பிளாந்துறையில் ஒரு குளிரூட்டித் தொட்டி.
விலை கேட்பது ஹிதாயத்துல்லா, இடம் பார்ப்பது கேசவர்த்தினி,
வெள்ளிக்கிழமைக்குள்.
நோக்கு என்ற பகுதிக்கு நேரம் கிடைக்கவில்லை,
கிடைக்கவில்லை என்று ஒருவரும் கவலைப்படவுமில்லை.

கதிரைகளைத் திரும்ப வரிசையாக்கும்போது
மிஞ்சிய ரோல்ஸைப் பாதைக்காரருக்கென்று
கடதாசியில் சுற்றியபடி வில்வரெத்தினம் கேட்டார்:
"அப்ப மிஸ், களஞ்சியத்தில
நூற்றி நாற்பது சட்டி கிடக்கே, நீல மூடியோட.
அத என்ன செய்ற?"